ஹம்பக்கர் சத்தம் சரியில்லையா? குறையைக் கேட்டுக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

ஆசைப்பட்டுக் கஸ்டம் கிட்டார் செய்தாயிற்று. மரம், நெக், ஃப்ரெட், நிறம் எல்லாம் நீங்கள் சொன்னபடியே வந்திருக்கிறது. நாலு பேரை விசாரித்து, விலையைத் தாங்கிக்கொண்டு, இரண்டு ஹம்பக்கர்களை வரவழைத்துப் போட்டிருக்கிறீர்கள். (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குவது பிக்கப்; ஹம் என்ற இரைச்சலைக் கழிக்க இரண்டு காயில், அதாவது ஒயர்ச் சுருள், உள்ள பிக்கப்தான் ஹம்பக்கர்.) ஆம்பில் செருகி வாசித்தால் மனதில் இருந்த சத்தம் வரவில்லை. உடனே வேறு பிக்கப் தேட ஆரம்பித்துவிடுகிறோம். அதைத்தான் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன். பிக்கப்பை மாற்றுவது கடைசிப் படி. உயரம், பாட் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் மாறும் தடை), ஒயரிங், கேபிள், காந்தம் என்று அதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பெரும்பாலான குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டாலும், அடுத்து எந்த மாதிரி பிக்கப் வாங்க வேண்டும் என்பது அந்தச் சோதனைகளிலேயே தெரிந்துவிடும்.

நான் மனதில் வைத்துப் பேசுவது நெக் பக்கம் ஒன்றும் பிரிட்ஜ் பக்கம் ஒன்றுமாக இரண்டு ஹம்பக்கர், மூன்று நிலை ஸ்விட்ச், பேட்டரி இல்லாத சாதாரண பாஸிவ் ஒயரிங் உள்ள கிட்டாரை.

தொடங்கும் முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், மில்லிமீட்டர் அளவுகோல், சின்ன ஸ்க்ரூடிரைவர், பழுதில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிள் போதும். கம்பிகள் புதிதாக இருக்கட்டும். பெடல்களை எல்லாம் கழற்றிவிட்டு நேராக ஆம்பில் செருகுங்கள். பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் நடுவில்.

கிட்டாரைத் திறக்காமலே ஒரு முக்கியமான அளவை எடுத்துவிடலாம். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகுங்கள். மறுமுனையை ஆம்பில் செருகாமல், அதன் நுனியில் மல்டிமீட்டரின் ஒரு முள்ளையும் தண்டில் இன்னொரு முள்ளையும் வையுங்கள். மீட்டர் 20 கிலோ ஓம் அளவில், வால்யூம் முழுவதும் திறந்து, ஸ்விட்ச் பிரிட்ஜில். 8 கிலோ ஓம் பிக்கப் என்றால் 7.9 அளவில் காட்டும். 500 கிலோ ஓம் வால்யூம் பாட் குறுக்கே இருப்பதால் வரும் சின்னக் குறைவு அது. நெக்குக்கும் இதேபோல் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நடு நிலையில் இரண்டும் இணையாகச் சேர்வதால் கிட்டத்தட்ட பாதி காட்டும்.

கம்பெனி போட்டிருக்கும் எண்ணைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தால் பயப்பட வேண்டாம். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் போல ஏறும். 20 டிகிரியில் 8.0 காட்டும் பிக்கப், சென்னையின் 35 டிகிரி அறையில் 8.4க்கு மேல் காட்டும். அது இயல்புதான். சரிபாதி வந்தாலோ, எண்ணே வராமல் மீட்டர் திறந்த சுற்று என்று காட்டினாலோதான் கவலைப்பட வேண்டும்.

நெக் பிக்கப் மங்கலாக, கொழகொழவென்று கேட்கிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான். முதலில் உயரத்தைப் பாருங்கள். கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் முனைக்கும் (ஒவ்வொரு கம்பியின் கீழும் தெரியும் உலோகப் புள்ளி) உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். கிப்சன் சொல்லும் தொடக்க அளவு நெக்குக்கு 2.4 மி.மீ., பிரிட்ஜுக்கு 1.6 மி.மீ. புதிதாகச் செய்த கிட்டார்களில் நெக் பிக்கப் கம்பியை உரசும் அளவுக்கு ஏறியிருப்பதை நிறையப் பார்க்கலாம். தடித்த கம்பிப் பக்கத்துத் திருகை அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் தாழ்ந்த மூன்று கம்பிகளில் ஒரு கார்டு வாசித்துக் கேளுங்கள். சுரங்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். அப்புறம் மெல்லிய கம்பிகளின் கீழ் உள்ள திருகு முனைகளைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் தெளிவு இன்னும் கூடும்.

உயரம் சரியாகியும் மங்கலாக இருந்தால் பின்மூடியைத் திறந்து பாட்டின் முதுகைப் பாருங்கள். ஹம்பக்கருக்கு வழக்கமானது 500 கிலோ ஓம். ஒற்றைக் காயில் பிக்கப் உள்ள ஸ்ட்ராட் பாணிக் கிட்டாருக்கு வாங்கிய 250 கிலோ ஓம் பாட் தவறிப் போய் உட்கார்ந்திருந்தால் மேல் ஸ்தாயி அமுங்கித்தான் கேட்கும். 1970களின் கிப்சன்களில் 300 கிலோ ஓம் வால்யூம் பாட்டும் 100 கிலோ ஓம் டோன் பாட்டும் போட்டார்கள். அந்தக் காலக் கிட்டார்கள் சில கம்பளி போர்த்தியதுபோல் ஒலிக்க அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது கேபிள். ஒரு மீட்டர் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் திறன்) ஏறக்குறைய 100 பிக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டருக்கு 600. பிக்கப்பின் இண்டக்டன்ஸும் இந்தக் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்துதான் சத்தத்தின் உச்சம் எந்த அதிர்வெண்ணில் விழும் என்று முடிவு செய்கின்றன. பழைய பாணி ஹம்பக்கரின் இண்டக்டன்ஸ் 4.5 ஹென்றி அளவு. இந்தக் கேபிளோடு அதன் உச்சம் 2,800 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். 8 ஹென்றி உள்ள சூடான, அதாவது அதிகச் சுற்றுள்ள பலமான பிக்கப் என்றால் 2,100க்கு இறங்கிவிடும். 10 மீட்டர் கேபிள் போட்டால் இன்னும் கீழே. அதனால் 3 மீட்டர் கேபிளில் ஒரு முறை வாசித்துப் பார்க்காமல் நெக் பிக்கப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

கிட்டார் செய்யும்போதே விழுந்துவிடும் ஒரு காரணமும் உண்டு. 648 மி.மீ. ஸ்கேலில் 22ஆவது ஃப்ரெட் பிரிட்ஜிலிருந்து 182 மி.மீ. தள்ளியும், 24ஆவது ஃப்ரெட் 162 மி.மீ. தள்ளியும் இருக்கும். 24 ஃப்ரெட் கேட்டால் நெக் பிக்கப் 20 மி.மீ. பிரிட்ஜ் பக்கம் நகர்ந்துவிடும். சத்தம் மெலிந்து கூர்மையாகும். 22 ஃப்ரெட் என்றால் பிக்கப் நெக்கை ஒட்டிப்போய்க் கனக்கும். ஒரு நண்பரின் 24 ஃப்ரெட் கிட்டாரில் அருமையாக ஒலித்த அதே மாடல் உங்கள் 22 ஃப்ரெட் கிட்டாரில் குழம்பினால் பிக்கப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இடம் வேறு, அவ்வளவுதான்.

இத்தனையும் பார்த்தபின், மீட்டரில் 13, 14 என்று காட்டும் பிக்கப் நெக்கில் இருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். அது பிரிட்ஜுக்கான சுற்று. நெக்குக்கு 7 முதல் 8 கிலோ ஓம் வரை உள்ள, ஆல்னிகோ காந்தம் போட்ட பிக்கப் போதும். மூடி போட்ட பிக்கப் என்றால் மூடி நிக்கல் சில்வரா, பித்தளையா என்றும் கேளுங்கள். பித்தளை மூடியில் உருவாகும் சுழல் மின்னோட்டம் மேல் ஸ்தாயியைத் தின்றுவிடும்.

பிரிட்ஜ் பிக்கப் காதைக் குத்துகிறது, அல்லது ஆளில்லாதது போல் மெலிந்திருக்கிறது

குத்துவது ஒன்று, மெலிவது வேறு. குத்தினால் மெல்லிய கம்பிப் பக்கத்தை முதலில் இறக்குங்கள். டோன் குமிழை 7க்குக் கொண்டுவந்து பாருங்கள். அங்கே பிடித்துப்போய்விட்டால் அந்த ஒரு பிக்கப்புக்கு மட்டும் 250 கிலோ ஓம் வால்யூம் பாட் போடலாம். சீமோர் டங்கனின் ஜே.பி. பிக்கப்பைச் சிலர் வேண்டுமென்றே அப்படித்தான் ஒயர் செய்கிறார்கள்.

மெலிந்திருந்தால் மீட்டர் எண்ணுக்குத் திரும்புங்கள். 8 வர வேண்டிய இடத்தில் 4 காட்டுகிறதா? இரண்டு காயில்களில் ஒன்றுதான் வேலை செய்கிறது. நான்கு ஒயர் உள்ள பிக்கப்பில் இரு காயில்களையும் இணைக்கும் முடிச்சு எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதற்கு டேப் சுற்றாமல் விட்டிருந்தால் பின்மூடியை மூடும்போதே தொட்டுவிடும். இப்படியானால் சத்தம் மெலிவதோடு ஹம்மும் வரும். எண்ணே வராவிட்டால் ஒயர் அறுந்திருக்கிறது. காயிலில் சுற்றியிருப்பது 0.06 மி.மீ. செம்பு ஒயர், தலைமுடி அளவுதான். சால்டர் இணைப்பு விட்டுப்போனதா என்று பாருங்கள். உள்ளே அறுந்திருந்தால் திரும்பச் சுற்றத்தான் வேண்டும்.

கிலோ ஓம் எண்ணை வலிமையின் அளவாகப் பார்ப்பது கடைகளிலும் பரவிவிட்ட பழக்கம். ஓம் என்பது ஒயரின் நீளத்தையும் தடிமனையும் மட்டும்தான் சொல்லும். ஜே.பி. 16.4 கிலோ ஓம். டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் 13.7. அதனால் இரண்டாவது பலவீனமானது என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். 44 எண் ஒயர், 42 எண் ஒயரைவிட மெல்லியது. ஒரே நீளத்துக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் தடை காட்டும். சூப்பர் டிஸ்டார்ஷனில் இருப்பது செராமிக் காந்தம், ஜே.பி.யில் ஆல்னிகோ 5. காந்தமும் சுற்றின் எண்ணிக்கையும் ஒயரும் சேர்ந்துதான் பலம். ஒரே கம்பெனி, ஒரே ஒயர், ஒரே காந்தம் என்றால் மட்டும் ஓம் எண்களை ஒப்பிடுங்கள்.

தனித்தனியாக நன்றாக இருக்கின்றன, நடு நிலையில் மூக்கால் பேசுகிறது

இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்தால் பேஸ் காணாமல்போய், சத்தமும் குறைந்து, தகரம் போல் ஒலிக்கும். இது ஃபேஸ் பிரச்சினை. இரண்டு பிக்கப்பும் எதிரெதிர் திசையில் தள்ளுகின்றன. ஒரு கம்பெனியின் நெக்கையும் இன்னொரு கம்பெனியின் பிரிட்ஜையும் போட்ட கஸ்டம் கிட்டார்களில் இது சகஜம். இந்தக் குறையோடு இரண்டு நல்ல பிக்கப்புகளையும் விற்கக் கிளம்பியவரை எனக்குத் தெரியும். இரண்டு ஒயரை மாற்றிச் சால்டர் வைத்ததும் தீர்ந்தது.

உறுதி செய்ய, முன்பு சொன்னபடியே மீட்டரைக் கேபிளில் வைத்து நெக்கைத் தேர்ந்தெடுங்கள். அளவைத் தானாக மாற்றிக்கொள்ளும் மீட்டர் என்றால் 20 கிலோவில் பூட்டிவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரின் இரும்புத் தண்டைப் படுக்கவைத்து, பிக்கப்பின் இரண்டு வரிசை முனைகளையும் தொடும்படி மெதுவாக வையுங்கள். பிறகு சட்டென்று தூக்குங்கள். தூக்கும் அந்தக் கணத்தில் மீட்டர் எண் ஒரு பக்கம் துள்ளிவிட்டுத் திரும்பும். 7.50 என்று நின்ற எண் 7.6க்கு ஏறி இறங்கலாம், அல்லது 7.4க்கு இறங்கி ஏறலாம். எந்தப் பக்கம் துள்ளியது என்பதுதான் முக்கியம். இப்போது மீட்டர் முட்களை மாற்றாமல் பிரிட்ஜிலும் இதையே செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் துள்ளினால் ஃபேஸ் சரி. எதிர்ப்பக்கம் என்றால் அதுதான் குறை. முள் ஆடும் பழைய அனலாக் மீட்டர் கையில் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நான்கு ஒயர் பிக்கப்பில் ஹாட் ஒயரையும் (சிக்னலைக் கொண்டுபோகும் ஒயர்) எர்த் ஒயரையும் இடம் மாற்றினால் போதும். உறையில்லாத ஷீல்டு ஒயர் மட்டும் எப்போதும் எர்த்திலேயே இருக்க வேண்டும். வெளியே பின்னல் ஷீல்டும் உள்ளே ஒற்றை ஒயரும் உள்ள பழைய பாணி பிக்கப்பில் இப்படி மாற்றக் கூடாது. ஷீல்டும் உலோக மூடியும் ஹாட் ஆகிவிடும். தொட்டாலே இரைச்சல் வரும். அங்கே அடித்தட்டுத் திருகுகளைத் தளர்த்தி, இரண்டு காயில்களுக்கும் கீழே உள்ள பட்டைக் காந்தத்தை வெளியே இழுத்து, வடக்கு தெற்கு மாறும்படி புரட்டிச் செருக வேண்டும். காயில் ஒயரில் ஸ்க்ரூடிரைவர் படாமல் பொறுமையாகச் செய்யுங்கள்.

ஒயர் நிறங்களிலும் ஒரு கண் வையுங்கள். சீமோர் டங்கனும் டிமார்சியோவும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை என்று அதே நான்கு நிறங்களைத்தான் பயன்படுத்துகின்றன. டங்கனில் கறுப்பு ஹாட், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்சியோவில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேரும். இரண்டிலும் பச்சை எர்த். டங்கன் படத்தைப் பார்த்து டிமார்சியோவை ஒயர் செய்தால் ஒரே பிக்கப்புக்குள்ளேயே இரண்டு காயில்களும் எதிரெதிராகும். அப்போது சத்தம் மெலியும், ஹம் கூடும். மீட்டரோ எண்ணைச் சரியாகவே காட்டும். அதனால்தான் பலரும் இங்கே குழம்புகிறார்கள்.

ஹம்பக்கர்தான், ஆனாலும் ஹம் வருகிறது

கிப்சனில் வேலை செய்த சேத் லவர் 1955இல் இந்தப் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1957இலிருந்து லெஸ் பால் கிட்டார்களில் அது வந்தது. காயில்கள் எதிர்த்திசையில் இணைக்கப்பட்டு, அவற்றின் காந்த முனைகளும் எதிரெதிராக இருப்பதால் கம்பியின் ஒலி கூடும். டிரான்ஸ்ஃபார்மர் கக்கும் 50 ஹெர்ட்ஸ் ஹம் கழிந்துபோகும். எல்.இ.டி. டிம்மர், கணினி போன்றவை தரும் கிர்ரென்ற சத்தத்தை இது முழுக்கத் தடுக்காது. அதற்கு ஷீல்டிங் வேண்டும்.

கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் இருக்கிறது, ஷீல்டிங் போதவில்லை. ஒயர் குழிக்குள் செம்பு நாடா ஒட்டி எர்த்தோடு சேர்த்தால் போதும். கம்பியைத் தொட்டால் மாற்றமே இல்லை, ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜிலிருந்து வர வேண்டிய எர்த் ஒயர் விட்டுப்போயிருக்கிறது. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் கூடினால் ஜாக்கில் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கும்.

கம்பியைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கிறதா? உடனே கிட்டாரைக் கீழே வையுங்கள். அது பிக்கப் குறையே அல்ல. ஆம்பின் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருப்பீர்கள், அல்லது அந்தப் பிளக் பாயிண்ட்டுக்கு எர்த் இருக்காது. எலக்ட்ரீசியன் பார்த்துச் சரிசெய்யும் வரை அந்த இடத்தில் வாசிக்காதீர்கள். மைக் பக்கத்தில் உதடு போகும் மேடையில் இது உயிருக்கே ஆபத்து.

கெயின் (ஆம்பின் பெருக்கம்) ஏற்றினால் விசில் அடிக்கிறது

கம்பிகளை உள்ளங்கையால் முழுவதும் அமுக்குங்கள். சத்தம் நின்றால் அது சாதாரண ஃபீட்பேக்; ஆம்பிலிருந்து தள்ளி நில்லுங்கள். நிற்காமல் கூரிய விசில் தொடர்ந்தால் பிக்கப்புக்குள் ஏதோ அதிர்கிறது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் மூடியை மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஆம்பில் டக் டக்கென்று பலமாகக் கேட்டால் காரணம் அங்கேதான். மூடி போட்ட பிக்கப் என்றால் மூடிக்கும் காயிலுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும்.

1950களின் ஹம்பக்கர்களுக்கு மெழுகு ஊற்றவில்லை. அதைப் பின்பற்றிச் செய்யும் சில விலை உயர்ந்த மாடல்களிலும் வேண்டுமென்றே ஊற்றுவதில்லை. மிதமான கெயினில் அவை அழகாக ஒலிக்கும். மெட்டல் வாசிப்பவருக்குச் சரிவராது. பாரஃபின் மெழுகில் ஐந்தில் ஒரு பங்கு தேன்மெழுகு கலந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கி, 65 டிகிரியில் பிக்கப்பை முக்கி, குமிழி வருவது நிற்கும் வரை விடலாம். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். சூடு கூடினால் ஒயர் சுற்றியிருக்கும் பாபின் வளைந்துவிடும். நேரடித் தீயும் கூடாது, மெழுகு பற்றிக்கொள்ளும்.

ஓரத்துக் கம்பிகள் மட்டும் சன்னமாக இருக்கின்றன

முனைகளின் மேல் கம்பி நேராகப் போகிறதா என்று பாருங்கள். முதல் முனையிலிருந்து கடைசி முனை வரை கிப்சன் பாணியில் 49, 50 மி.மீ.; ட்ரெமோலோ பிரிட்ஜுகளுக்கான அகலமான வகையில் 51 முதல் 53 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் விலகலால் ஒன்றும் ஆகாது. ஓரக் கம்பி முனையைத் தாண்டி வெளியே போனால் அகல வகைதான் வேண்டும். பிக்கப் ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு காயில் மட்டும் கம்பிக்கு அருகில் இருந்தாலும் ஒலி கெடும். சரிவான ரிங் போட்டால் நேராகிவிடும்.

வால்யூமைக் குறைத்தால் மங்குகிறது

வால்யூம் பாட்டின் உள்ளீட்டுக் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 1 நானோ ஃபாரட் கெப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இணையாக வையுங்கள். இல்லையென்றால் டோன் கெப்பாசிட்டரை வால்யூம் பாட்டின் நடுக்காலுக்கு மாற்றுங்கள். 1950களின் ஒயரிங் இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். பிக்கப்பைத் தொடவே வேண்டாம்.

காயிலைப் பிரித்தால் பலமே இல்லை

பிரிப்பது என்றால் ஒரு காயிலை மட்டும் ஒலிக்கவிடுவது. 7.5 கிலோ ஓம் பிக்கப்பைப் பிரித்தால் மிஞ்சுவது 4க்கும் குறைவு. அதில் உண்மையான சிங்கிள் காயில் சத்தத்தை எதிர்பார்க்க முடியாது. இரண்டு காயில்களையும் இணையாகச் சேர்க்கும்படி ஸ்விட்ச் வையுங்கள். சத்தம் தெளிவாகும், ஹம்மும் வராது. பிரிப்பதுதான் முக்கியம் என்றால் சூடான பிக்கப்பாகத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் மனதுக்குப் பிடிக்கவில்லை

இப்போதுதான் பிக்கப் மாற்றும் பேச்சு. அதற்கும் முன் காந்தத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். புதுப் பிக்கப்பின் விலையில் சிறு பங்குதான் ஆகும். ஆல்னிகோ எண்களை வரிசையாக நம்பாதீர்கள்: 3தான் மிகவும் மென்மையானது, அதற்குமேல் 2, 4, 5, 8 என்று பலம் ஏறும். ஆல்னிகோ 2 மிருதுவாக, உருண்டையாக ஒலிக்கும். 5இல் பேஸ் இறுகி, மேல் ஸ்தாயி பளிச்சிடும். செராமிக் இன்னும் இறுக்கம். பிரிட்ஜ் குத்துகிறது என்றால் 5ஐ எடுத்து 2ஐச் செருகுங்கள். நெக்கில் பேஸ் தளர்ந்திருந்தால் 2க்குப் பதில் 5.

அதுவும் போதாதென்றால், பிரிட்ஜ் பக்கம் கம்பி குறைவாகவே ஆடும் என்பதை நினைவில் வைத்து, அங்கே எப்போதும் ஒரு படி பலமான பிக்கப் போடுங்கள். டங்கன் 59 வரிசையில் நெக் 7.4, பிரிட்ஜ் 8.1 என்று வைத்திருப்பது இதற்காகத்தான். ப்ளூஸ், பழைய ராக், மெல்லிசை என்றால் இந்த அளவு. கனமான ராக்குக்கு 14 கிலோ ஓம் அளவில் செராமிக். இ.எம்.ஜி. 81 போன்ற, பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் வகைக்குப் போவதென்றால் 25 கிலோ ஓம் பாட்களும் 9 வோல்ட் பேட்டரிக்கு இடமும் வேண்டும். உங்கள் 500 கிலோ பாட்கள் அதற்கு உதவாது.

என்னைக் கேட்டால், ஒரே கிட்டாரில் எல்லாம் வாசிப்பவர் மிதமான பலமுள்ள பிக்கப்பையே எடுக்க வேண்டும். கெயின் குறைந்தால் ஒரு பெடலில் கூட்டிக்கொள்ளலாம். அதிகச் சுற்றில் போன மேல் ஸ்தாயித் தெளிவை எந்தக் குமிழும் முழுசாகத் திருப்பித் தராது.

ஆர்டர் போடும்போது நான்கு ஒயர் வகையா, முனை அகலம் எவ்வளவு, அடித்தட்டின் கால்கள் நீளமா குட்டையா என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நீளக் கால் பிக்கப்புக்குக் குழியின் இரு ஓரங்களிலும் ஆழம் கூடுதலாக வேண்டும். குழி ஆழமில்லாமல் கால் தரையில் முட்டினால், கம்பியிலிருந்து தேவையான இடைவெளி வரும் அளவுக்குப் பிக்கப்பை இறக்கவே முடியாது. பிக்கப் கைக்கு வருவதற்கு முன்பே குழியின் ஆழத்தை அளந்து எழுதிவையுங்கள்.